கடலுக்கும் ஏற்பாடு ஆயாச்சு

பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடலைக் கண்ணால் பார்க்காமலே மூன்று வருஷம் கடலைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் உத்தியோகம். சுவரில் தொங்கிய உலகப் படத்தின் மேல் பிரம்பை ஓட்டி, இது ஆழமான சமுத்திரம், இது பனிக்கட்டி மிதக்கிற சமுத்திரம், இதில் அலை பனை உயரம் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவேன். உடன்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், "சார், அலை அவ்வளவு உசரம் வராது சார்" என்றான். தினம் கடலில் குளித்து வளர்ந்தவன். அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன்.

நான் பிறந்தது சேரன்மாதேவியில். எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் தாமிரபரணிதான். அதிலும் கோடையில் முழங்காலுக்கு மேல் போனதில்லை. ஒரே ஒரு தடவை ரயிலேறித் தூத்துக்குடிக்குப் போனேன், கடைவாய்ப் பல் பிடுங்க. அங்கே ஒரு டாக்டர் வலிக்காமல் பிடுங்குவார் என்று சொன்னார்கள். சொன்னவர்களுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தது, அதைக் கவனிக்காமல் போனேன். வாயில் துணியை அடைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, தரையைப் பார்த்தபடி ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியெல்லாம் பக்கத்திலேயே கடல் இருந்தது என்பதைப் பிற்பாடு படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இப்பேர்ப்பட்டவன், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், "எனக்குக் கடல் நல்ல பழக்கம்" என்று சொன்னேன். சொன்னதுகூடப் பரவாயில்லை. போர்டிங் அம்மாவிடம் சொன்னேன்.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் பாளையங்கோட்டையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் போர்டிங்கில் அவர் மேட்ரன். நெட்டையான உடம்பு, வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஒரு பித்தளைக் கைமணி. கொண்டையில் மற்றப் பெண்கள் பூ வைக்கிற இடத்தில் அவர் பென்சில் வைத்திருப்பார். கக்கத்தில் ஒரு நீள நோட்டுப் புத்தகம். உலகத்தில் நடக்கப்போகிற காரியமெல்லாம் அந்த நோட்டில் முதலில் நடந்துவிட்டு அப்புறம்தான் வெளியே நடக்கும்.

எதைக் கேட்டாலும் அவர் வாயில் ஒரே பதில்: "அதுக்கு ஏற்பாடு ஆயாச்சு."

பள்ளியின் பரிசளிப்பு விழா மாசி மாதத்தில் நடக்கும். மாசியில் எங்கள் ஊரில் மழை பெய்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு குடை கிடக்கும். வந்தவர்கள் காலை நீட்டினால் குடைக்கம்பி குத்தும். ஒருவர் துணிந்து, "அம்மா, மாசியில எங்க மழை?" என்று கேட்டார். "வந்தா?" என்றார் அம்மா. ஐந்து வருஷம் வரவில்லை. ஆறாம் வருஷம் வந்தது, பந்தலே சாயும்படி. நூற்றுக்கணக்கான பேர் குடையை விரித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்து பரிசளிப்பைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிறகு அவரை எதிர்த்துப் பேசுகிறவர்கள் குறைந்து போனார்கள்.

நன்றிக் கடிதங்களையும் அவர் முன்னதாகவே எழுதி வைத்துவிடுவார். யாராவது போர்டிங்குக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், "தாங்கள் அன்புடன் அனுப்பிய அரிசி கிடைத்தது, சோறு மல்லிகைப்பூவாக இருந்தது" என்று கடிதம் தயார். ஒரு தடவை கடிதம் அரிசியை முந்திக்கொண்டு போய்விட்டது. அனுப்ப மறந்தே போயிருந்த அந்தப் பண்ணையார் பதறிப் போய் இரண்டு மூட்டையாக அனுப்பினார்.

பிற்பாடு ஒரு வருஷம் அவருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அம்மா படுத்தபடியே நோட்டை வாங்கித் தம் அடக்கத்துக்கு ஜாபிதா போட்டார். நாற்காலிகள் எந்தெந்த வீட்டில் எத்தனை, அழுகிறவர்களுக்குக் கூடம், பேசுகிறவர்களுக்கு வெளிவாசல், இரண்டும் செய்கிறவர்களுக்கு வராந்தா. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இரவல் வாங்குன நாற்காலியெல்லாம் இன்னும் ஏன் இங்கன கெடக்கு?"

இப்படிப்பட்டவரின் தங்கை மகள்தான் எஸ்தர். தாயில்லாப் பெண். அவளை வளர்த்தது அம்மாதான். தகப்பனார் கிராமத்துச் சபையில் உபதேசியார். சாது. யார் என்ன சொன்னாலும் "கர்த்தர் சித்தம்" என்பார். அதற்கும் அம்மா ஏற்பாடு செய்திருப்பார். எஸ்தருக்கும் எனக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். வழக்கமாக யாரும் எழுந்திருப்பதில்லை. அந்த நேரத்தில் சபையார் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

ஆனால் எனக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒருவனுக்கு இரண்டாம் ஓலை வாசித்தபோது அம்மா எழுந்திருந்தார். பெண் போர்டிங்கில் படித்தவள். பையன் சாத்தான்குளத்துக்காரன், நல்ல வேலை, நல்ல குடும்பம். "இவரு ஆர்மோனியம் நல்லா வாசிப்பேன்னு பெண் வீட்டுல சொல்லியிருக்காரு. அடுத்த பாட்டுக்கு வாசிக்கட்டும்" என்றார் அம்மா. அவன் எழுந்து போனான். பெட்டி முன் உட்கார்ந்தான். துருத்தியை மிதித்தான். அதிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வெளியே கட்டியிருந்த வண்டிமாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. கல்யாணம் நின்றுவிட்டது. அவன் சிலோனுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

"ஆர்மோனியம் வாசிக்கத் தெரியாட்டா என்னம்மா? பொண்டாட்டிக்குச் சோறு போட ஆர்மோனியம் எதுக்கு?" என்று உபதேசியார் பிற்பாடு கேட்டாராம்.

"ஆர்மோனியம் வேண்டாம். இல்லாததைச் சொல்லுதவன் வேண்டாம்" என்றாராம் அம்மா.

இது பாளையங்கோட்டையில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கதை. எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இது. எங்களுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. மறுநாள் இரண்டாம் ஓலை. போர்டிங் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் பாளையங்கோட்டைக் கோட்டைச் சுவரே வியர்த்தது. வருஷா வருஷம் இந்த விடுமுறையில் அம்மா உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போய்வருவார். இந்த வருஷம் நானும் வர வேண்டும் என்று உத்தரவு. கல்யாணத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பயணமா என்று ஊர் முணுமுணுக்கும் அல்லவா? ஆண்களுக்கு ஒரு வண்டி, பெண்களுக்கு ஒரு வண்டி, நடுவில் அம்மாவின் குடை. ஐயரே ஜெபம் பண்ணி வழியனுப்புவார். ஏற்பாடு ஆயாச்சு.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்களை உட்காரவைத்து அம்மா நோட்டை விரித்தார். மணியை ஒரு தட்டுத் தட்டினார். எஸ்தர் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"திங்கள், விடியப் புறப்பாடு. மத்தியானம் வழியில இறங்கி இளைப்பாறுதோம். சாத்தான்குளத்துல தங்கல். செவ்வாய், மணப்பாடு. புதன், கடல் குளி. காலையில பெண்கள், சாயந்தரம் ஆண்கள். அவரவர் துண்டு அவரவர் தோள்ல. வியாழன், வள்ளம்."

இந்த வருஷத்துப் புதுமை அதுதான். கரையில் நின்று அலையில் கால் நனைத்தது போதும், ஒரு நாளைக்கு வள்ளத்தைப் பேசிக்கொண்டு ஆழத்துக்குப் போய் நாமே தூண்டில் போட்டு மீன் பிடிக்க வேண்டும் என்று அம்மா தீர்மானித்திருந்தார். வள்ளத்தை நடத்துகிறவரை அந்தக் கரையில் தண்டல் என்பார்கள். பாளையங்கோட்டைச் சந்தைக்கு வரும் கருவாட்டுக்காரர் மூலம் தண்டலுக்கு மூன்று கடிதம் போயிருந்தது. தண்டல் எழுத்து வாசனை இல்லாதவர். கருவாட்டுக்காரர் வாய்வழியே ஒரே பதில்தான் மூன்று தடவையும் வந்தது: "மேல்காத்து அடங்குனா கடல். அடங்காட்டி கரை."

"காத்துக்கு ஏற்பாடு ஆயாச்சு" என்றார் அம்மா. பிள்ளைகள் ஊருக்குப் போகுமுன் பதினோரு நாள், காலை ஜெபத்தில், வியாழக்கிழமை மணப்பாட்டில் காற்று அடங்க வேண்டும் என்று மன்றாடவைத்திருந்தார். வானம் பார்த்த பூமியிலிருந்து வந்த ஒரு சிறுமி, "எங்க ஊருக்கு மழை கேட்டுக்கிடட்டுமா அம்மா?" என்றாளாம். "மழை அடுத்த மாசம். இப்ப காத்து."

"வியாழன் காலை எட்டு மணி, வள்ளத்துல பலகாரம். பத்தரை, மீன். பன்னிரண்டு, கரையில மீன் குழம்பு. மசாலா காலையிலயே அரைச்சிரணும்."

"பத்தரைக்கு மீன் வருமா?" என்று உபதேசியார் மெல்லக் கேட்டார்.

"நேரம் போட்டிருக்கு" என்றார் அம்மா. பிறகு நோட்டுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தண்டலுக்கு எழுதிய நன்றிக் கடிதம். "தங்கள் வள்ளத்தில் சுகமாகப் போய்வந்தோம். எங்கள்..." என்று வாசித்து நிறுத்தினார். "இந்த இடம் காலியா இருக்கு. 'எங்கள் இன்னார் தம் கையால் பிடித்த சீலா மீன் மிகவும் ருசியாயிருந்தது.' அந்த இன்னார் யாரு? கடல்ல போய்ப் பழக்கம் உள்ளவங்க யாரு இருக்கா?"

உபதேசியார் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு ஊஞ்சலே ஒத்துக்கிடாது. நான் கரையில மசாலாவப் பாத்துக்கிடுதேன்."

அம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்த நேரத்தில் எஸ்தர் என் முன்னால் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் பொறுப்பில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"எனக்குக் கடல் நல்ல பழக்கம்."

அம்மா பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினார். "எங்கன பழகுனிய?"

"தூத்துக்குடியில."

"என்ன மீன் பிடிச்சிய?"

"பல..." என்றேன். பல் என்று வர இருந்ததைப் பல என்று மாற்றிக்கொண்டேன். "பல தினுசு."

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு காலி இடத்தில் 'மாப்பிள்ளை' என்று எழுதினார். எழுதிவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கொண்டுபோகும் சாமான் ஜாபிதாவில் ஏதோ ஒரு வரி சேர்த்தார். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். 'வாளி, புதுசு, 1.'

மீன் போட என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. திங்களும் செவ்வாயும் வண்டி போயிற்று. பனங்காட்டுக்கு நடுவே செம்மண் தேரியில் சக்கரம் புதையும்போதெல்லாம் இறங்கித் தள்ளினோம். பக்கத்தில் நடந்து வந்த வண்டிக்காரர், "வாத்தியாரய்யா, கடல் பழக்கமாமே ஒங்களுக்கு? அம்மா சொன்னாவ" என்றார். அடுத்த வண்டியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சக்கரத்தை இன்னும் பலமாகத் தள்ளினேன்.

செவ்வாய் சாயங்காலம் கடலைப் பார்த்தேன். மணல்மேட்டில் ஏறியதும் எதிரே வானம் பாதியும் தண்ணீர் பாதியுமாக நின்றது. "எம்மாடி!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ரொம்ப நாளாச்சு பாத்து" என்று சமாளித்தேன். அலை பனை உயரம் இல்லை என்பதையும் கவனித்தேன். பெஞ்சு மேல் ஏற்றிய பையனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

வியாழன் காலை மேல்காற்று அடங்கிவிட்டது. தண்டல் கரையில் நின்று கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்துத் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். கறுத்த, குட்டையான மனிதர். காதில் கடுக்கன், கழுத்தில் செபமாலை.

"காத்து கெடக்கட்டும். பொம்பள ஏறுனா வள்ளத்துக்கு ஆகாதும்மா. எங்க கரையில வழக்கம் இல்ல" என்றார்.

"நான் பொம்பளன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? நான் மேட்ரன்" என்றார் அம்மா. மேட்ரன் என்றால் என்ன என்று தண்டலுக்குத் தெரியவில்லை. பெரிய பதவி என்று மட்டும் புரிந்தது. ஒதுங்கி வழி விட்டார்.

"அப்ப இந்தப் பிள்ளை?"

"அது என் ஏற்பாட்டுல வருது."

வள்ளத்தில் தண்டல், துடுப்புப் போட இரண்டு ஆட்கள், அம்மா, எஸ்தர், நான். என் காலடியில் புது வாளி. உபதேசியார் கரையில் அம்மிக்குப் பக்கத்தில் நின்று எங்களுக்காகக் கண்ணை மூடினார். அலையைத் தாண்டும்போது வள்ளம் மூக்கைத் தூக்கியது. என் குடல் ஏறி நெஞ்சுக்கு வந்தது. வள்ளம் மூக்கை இறக்கியது. குடல் இறங்க மறுத்துவிட்டது.

"வாத்தியாரு கடல்ல பழகுனவராம்ல? எந்தப் பக்கம் கயிறு விடலாம், சொல்லுங்க" என்றார் தண்டல், மரியாதையாகத்தான்.

பூகோள வாத்தியாரிடம் திசை கேட்டால் விடுவானா? கையை நீட்டி, "மேற்கே" என்றேன்.

தண்டல் நான் காட்டிய பக்கம் பார்த்தார். "மேற்க கரைல்லா இருக்கு" என்றார். ஆட்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எஸ்தர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அம்மா எதையும் கேட்காதவர்போல் குடையை விரித்தார்.

பிறகு தண்டலே கிழக்கே கொண்டுபோய், நீளக் கயிற்றில் தூண்டில் கட்டி, சாளை மீனை இரையாகக் குத்தி, வள்ளத்துக்குப் பின்னால் ஓடவிட்டார். ஒரு கயிறு ஆளிடம், ஒரு கயிறு என்னிடம். கயிறு விரலில் துடித்தால் வெட்டி இழுக்க வேண்டும் என்றார். என் விரல் ஏற்கனவே துடித்துக்கொண்டிருந்தது. என் உடம்பில் அப்போது துடிக்காத இடமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆள் பிடித்திருந்த கயிறு விர்ரென்று விறைத்தது. "சீலா! சீலாடோய்!" என்று கத்தினான். தண்ணீருக்கு மேலே வெள்ளியாக ஒன்று துள்ளி விழுந்ததை நானும் பார்த்தேன். அவன் காலை ஊன்றி இழுத்தான். மீன் கிட்டே வந்துவிட்டது. இன்னும் இரண்டு முழம்.

மணி எட்டு ஆயிற்று.

அம்மா மடியிலிருந்து கைமணியை எடுத்து, போர்டிங்கில் அடிக்கிற அடியே அடித்தார், பலகாரத்துக்கு. கணகணவென்று நடுக்கடலில் மணிச் சத்தம். இரண்டு ஆட்களும் தண்டலும் ஒரே நேரத்தில் தலைத்துணியை உருவிவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டு, கண்ணை மூடி முழந்தாளில் நின்றுவிட்டார்கள். அவர்கள் கோயிலில் பூசை நேரத்து மணி அது. கையிலிருந்த கயிறு போயிற்று. கயிற்றின் முனையில் இருந்த சீலாவும் போயிற்று.

தண்டல் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன மணிம்மா இது?"

"இட்லி மணி" என்றார் அம்மா. "சாப்பிட வரச் சொன்னா நீங்க எதுக்கு முழங்கால் போடுதிய?"

"எங்க ஊர்ல மணி அடிச்சா சாமி வருவாரு. இட்லி வராது" என்றார் தண்டல். கயிறு போன திசையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அத உள்ள வைங்க தாயி. இல்லன்னா இன்னைக்குப் பூராவும் ஜெபந்தான், மீனு கெடையாது" என்றார்.

அம்மா தம் ஆயுளில் ஒரு ஏற்பாட்டை மாற்றிக்கொண்டதை நான் பார்த்தது அப்போது மட்டும்தான். மணியின் நாக்கில் கைக்குட்டையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் இட்லியை எட்டு மணிக்கே கொடுத்துவிட்டார். எனக்கும் இரண்டு. வேண்டாம் என்றேன். "கடல்ல பழகுனவங்க வெறும் வயித்தோட இருக்கப்படாது" என்றார். தின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க மாட்டேன். வாசகர்கள் சாப்பிட்டுவிட்டுப் படிப்பவர்களாக இருக்கலாம். அம்மா குனிந்து புது வாளியை என் முழங்கால்களுக்கு நடுவே நகர்த்தி வைத்தார். நான் அதைக் கட்டிக்கொண்டேன். எந்த உறவுக்காரரையும் நான் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. என் கயிற்றை யாரோ என் விரலிலிருந்து பைய எடுத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. "ஏட்டி, விடாத! வெட்டி இழு!" என்று அம்மா கத்தியதில் தலையைத் தூக்கினேன். எஸ்தர் வள்ளத்தின் விளிம்பில் காலை ஊன்றி, கயிற்றைக் கை மேல் கை போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, கொண்டை அவிழ்ந்து. தண்டல் பக்கத்தில் நின்று, "அப்படித்தான் பிள்ள, கொஞ்சம் விடு, இப்ப இழு" என்று சொன்னாரே தவிர கயிற்றைத் தொடவில்லை. இரண்டு முழத்துக்குக் குறையாத சீலா. வள்ளத்துக்குள் விழுந்து துள்ளி வாலால் என் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தது. எனக்கு அது தேவைதான்.

அம்மா இடுப்புக் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரை" என்றார்.

கரை நெருங்கும்போது எஸ்தர் மீனைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "கரையில ஆளுக பாத்துக்கிட்டு நிக்காவ. நீங்க பிடிச்சுக்கிட்டு இறங்குங்க" என்று ரகசியமாகச் சொன்னாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதை எப்படி மறுப்பேன்? மீனைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

உபதேசியார் தண்ணீருக்குள் ஓடி வந்தார். "மாப்பிள்ளை பிடிச்சதா?"

வாயைத் திறந்து இல்லை என்று சொல்வதற்கு மூன்று எழுத்துத்தான். என்னால் முடியவில்லை. மீன் வாயைப் போலவே என் வாயும் திறந்து திறந்து மூடியது. உபதேசியார் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கர்த்தரை ஸ்தோத்திரித்தார். திரும்பிப் பார்த்தேன். அம்மா பென்சிலை உருவி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

குழம்பு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

திரும்பி வரும் இரண்டு நாளும் அம்மா என்னிடம் பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையில் வண்டியை விட்டு இறங்கும்போது மட்டும், "மத்தத நாளைக்குக் கோயில்ல பாத்துக்கிடுவோம்" என்றார். அன்றைக்கு நான் சிலோன் கப்பலில் எங்கே ஏற வேண்டும் என்று யோசித்தேன். அதற்கும் கடலில்தான் போக வேண்டும் என்று ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அம்மா முன்வரிசையில் ஜன்னலோரம். ஐயர் மூன்றாம் ஓலையை எடுத்தார். என் பெயரை வாசித்தார், எஸ்தர் பெயரை வாசித்தார், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்றார். சபை தொண்டையைச் செருமியது.

அம்மா எழுந்திருந்தார்.

அவர் வாயைத் திறக்குமுன் நான் துள்ளி எழுந்துவிட்டேன். "ஐயரவர்களே! எனக்கு ஒரு தடை தெரியும்!"

ஐயர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரு பேருல?"

"என் பேருலதான். எனக்குக் கடல் பழக்கம்னு சொன்னேன். அது பொய். தூத்துக்குடிக்குப் போனது பல் பிடுங்க. கடல நான் போன செவ்வாக்கிழமைதான் பாத்தேன். அந்தச் சீலாவும் நான் பிடிச்சதில்ல. எஸ்தர் பிடிச்சது."

பின்வரிசையில் யாரோ, "அப்ப வாத்தியாரு என்னத்தத்தான் பிடிச்சாரு?" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குரல், "வாளிய" என்றது. அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். இன்றுவரை அதே குரல்தான் வீட்டில் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கோயில் குலுங்கச் சிரித்தது. ஐயர் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, எழுந்து நிக்கிய. நீங்க என்ன சொல்லுதிய?" என்றார்.

அம்மா ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். "ஒங்க கண்ணாடியில வெயில் அடிச்சுது. அடைச்சேன். நீங்க மேல வாசிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். சிரித்துக்கொண்டே போகிறவர்களுக்கெல்லாம் நானும் சிரித்து வைத்தேன். அம்மா நேரே என்னிடம் வந்து நோட்டிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்தார். சீலா மீன் கடிதத்தை நாலாகக் கிழித்துச் சாவிக்கொத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மற்றதை என்னிடம் நீட்டினார்.

"தண்டலுக்கு. தேதிய மட்டும் அடிச்சு இன்னைக்குத் தேதி போட்டுத் தபால்ல சேத்துருங்க."

பிரித்துப் பார்த்தேன். "தங்கள் வள்ளத்தில் சுகமாகப் போய்வந்தோம். கடல் பழக்கம் இல்லாத எங்கள் மாப்பிள்ளையைப் பத்திரமாகக் கரை சேர்த்ததற்கு நன்றி."

தேதியைப் பார்த்தேன். கருப்பட்டிக் காப்பி குடித்தோமே, அந்தச் சனிக்கிழமைத் தேதி.

"அத்தை!" என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அப்பமே ஒங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே என்னைய ஏன் வள்ளத்துல ஏத்துனிய?"

அம்மா பென்சிலைக் கொண்டையில் செருகினார்.

"வாளி வாங்கியாச்சுல்லா."